கரையேறியவர்கள்

கடலூரில் ஓர் இலக்கியக் கூட்டம். அரக்கோணத்தில் விடிகாலை ரயிலேறி, காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டில் இறங்கி, வண்டி மாறி விழுப்புரம், அங்கிருந்து பேருந்து என்று நான் போய்ச் சேர்ந்தபோது தொடக்கவுரை பாதி முடிந்திருந்தது. பேசியவர் ஊரின் பெருமைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய திருப்பாதிரிப்புலியூர். மாவட்டத்தின் மருதூரில் பிறந்த வள்ளலார். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்து கைதான பாரதியை அடைத்துவைத்த கடலூர்ச் சிறை. 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன். 1934 ஏப்ரல் 24 அன்று மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன். தமிழ்ச் சிறுகதையின் இரு பெரும் பெயர்களும் ஒரே ஊர், ஒரே மாதம், அடுத்தடுத்த தேதி என்று அவர் சொன்னபோது அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டும்போதே விரல்விட்டு எண்ணினேன். பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை.

குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பட்டியலும் அப்படித்தான். திருத்தணி என்றால் மலையைப் பாடிய அருணகிரிநாதர், அங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், அந்த ஊர் 1960இல் தமிழ்நாட்டுக்கு வரப் போராடிய ம.பொ.சி. வேறு பெயர் கேட்டால் நானே தடுமாறுவேன்.

சாப்பாட்டு இடைவேளையில் வெளியே டீக்கடைக்கு வந்தேன். ஜெர்சி போட்ட ஐந்தாறு சிறுமிகள் முழங்கால் வரை மண் ஒட்டிய காலோடு, தோளில் பையோடு, உரக்கப் பேசியபடி போனார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் என் பார்வையைக் கவனித்துவிட்டு விளக்கினார்: “ஃபுட்பால் ஆடுற புள்ளைங்கம்மா. சுனாமிப் புள்ளைங்கன்னு சொல்லுவோம். அப்பா அம்மா இல்லாததுங்கள ஒரு சார் எடுத்து ஆளாக்குனாரு. ஏதோ ஒரு கப்புகூட ஜெயிச்சாங்களே.”

அந்த “ஏதோ ஒரு கப்பு” என்பதைத்தான் நான் எழுத வந்தேன். 2018 பிப்ரவரியில் ஒடிசாவின் கட்டாக்கில் நடந்த மூத்தோர் பெண்கள் தேசியக் கால்பந்து இறுதிப் போட்டியில் தமிழ்நாடு, மணிப்பூரை 2-1 என்று வென்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல்முறை. அந்த வெற்றியின் வேர் கடலூரில் இருக்கிறது. பெரியவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கதையை அப்படிச் சொல்லும்போது எது விடுபட்டுப் போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அன்று காலை கடலூர் மாவட்டக் கடற்கரையை அலை தாக்கியது. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று பெயர் பெயராகச் செய்தி வந்தது. மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச்சில், ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் ஒரு சிறு அறிக்கை வெளியிட்டது. அதிலிருந்த ஓர் எண் இன்னும் என்னை விடவில்லை. கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு கிராமத்தில் இறந்தவர்கள் எல்லோருமே பெண்கள்.

அலைக்கு ஆண் பெண் தெரியாது. பிறகு ஏன் இந்தக் கணக்கு? மீனவக் குடியிருப்புகளில் வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும். ஆண் கடலுக்குள் போகிறவன். ஆழ்கடலில் படகுக்கு அடியில் சுனாமி ஒரு சாதாரண ஏற்றமாகக் கடந்து போய்விடும். பெண் கரையில் நிற்கிறவள். படகு வரும், மீனைப் பிரிக்க வேண்டும், கூடையில் அள்ளிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். அலை உயரம் கொள்வது கரைக்கு வரும்போதுதான். அங்கே அவள் நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. காலைச் சுற்றிய புடவை. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தும் நீந்தக் கற்றுத்தரப்படாத உடம்பு. ஓடவும் மரமேறவும் பத்து வயதோடு நிறுத்திவைக்கப்பட்ட கால்கள். அவள் அண்ணனும் தம்பியும் அதே கடலில் குதித்து விளையாடித்தான் நீச்சல் கற்றார்கள். பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு என்ற கேள்விக்கு அந்த ஒரு காலையில் 391 பேர் பதிலாகிப் போனார்கள். விளையாட்டை நாம் பொழுதுபோக்கு என்ற கணக்கில் வைத்திருக்கிறோம். உடம்பை எப்படி நகர்த்துவது, எப்போது மூச்சைப் பிடிப்பது, எந்தப் பக்கம் பாய்வது என்பதை ஒரு பிள்ளைக்கு வேறு எதுவும் கற்றுத் தருவதில்லை.

அந்த அலைக்குப் பிறகு மாரியப்பன் என்ற உடற்கல்வி இயக்குநர், பெற்றோரை இழந்த, வறுமையில் தத்தளித்த சிறுமிகளுக்குக் கடலூரில் கால்பந்து கற்றுத்தரத் தொடங்கினார். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்ற பெயரில் அது வளர்ந்தது. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், பந்து எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. அவருக்குரிய மரியாதையை யாரும் குறைக்க வேண்டாம், நானும் குறைக்கவில்லை. ஆனால் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளைத் தொடர்ந்து படித்தால் ஒரே அச்சு கண்ணில் படும். கடல் பறித்தது, ஒரு நல்ல மனிதர் கை கொடுத்தார், அனாதைச் சிறுமிகள் நட்சத்திரங்களானார்கள். இந்த வாக்கியத்தில் சிறுமிகள் செய்வது ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பறிக்கப்படுகிறார்கள், கொடுக்கப்படுகிறார்கள், ஆக்கப்படுகிறார்கள். அணியில் ஆடிய எல்லோரும் சுனாமியில் பெற்றோரை இழந்தவர்களும் அல்லர். கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள், அரசு விடுதிகளில் வளர்ந்தவர்கள் எல்லோரும் அந்த ஒற்றைப் பெயருக்குள் போய்விட்டார்கள்.

அவர்கள் செய்ததை நான் சொல்லிப் பார்க்கிறேன். தொண்ணூறு நிமிடம் ஓடும் உடம்பை உருவாக்கப் பத்தாண்டு ஆகிறது. தினமும் விடிவதற்கு முன் எழ வேண்டும். வலது காலால் மட்டும் உதைத்துப் பழகியவள் இடது காலுக்கும் அதே துல்லியத்தைக் கொண்டுவர ஆயிரக்கணக்கான முறை ஒரே சுவரில் பந்தடிக்க வேண்டும். வயதுக்கு வந்ததும் ஊர் கேட்கும் கேள்விகளை, அரைக்கால் சட்டையைப் பற்றிய பேச்சை, மாதவிலக்கு நாளில் மைதானத்தில் கழிப்பறை இல்லாததை, முகம் கறுத்துப்போச்சே யார் கட்டுவா என்ற அக்கறையை எல்லாம் சமாளித்துவிட்டு மறுநாளும் வர வேண்டும். முட்டையும் பாலும் அண்ணன் தட்டுக்குப் போகும் வீடுகளிலிருந்து வந்து தசை சேர்க்க வேண்டும். முட்டி கிழிந்தால் ஆறுவரை உட்கார வேண்டும், உட்காரும் மாதங்களில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டும்.

இப்படி வந்தவர்கள் எதிர்கொண்டது மணிப்பூரை. கால்பந்தைப் பின்தொடராத தோழிகளுக்கு இதன் கனம் புரிய வேண்டும். 1990களில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பெண்களுக்கான தேசியப் போட்டியை நடத்தத் தொடங்கியதிலிருந்து பட்டத்தின் மறுபெயர் மணிப்பூர்தான். பதினைந்து முறைக்கு மேல் அவர்கள் வென்றிருந்தார்கள். அங்கே பெண் வீதிக்கு வருவதற்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. இம்பாலின் இமா சந்தையைப் பெண்கள் மட்டுமே நடத்துகிறார்கள். 1939இல் அரிசி ஏற்றுமதிக்கு எதிராகப் பெண்கள் கிளர்ந்தெழுந்த போராட்டத்தை அவர்கள் பெண்கள் போர் என்றே அழைக்கிறார்கள். அந்த மண்ணின் ஒய்னம் பெம்பெம் தேவி சிறுமியாக இருந்தபோது பையன் பெயரில் பையன்களோடு ஆடியவர். பிறகு இந்திய அணித் தலைவி, 2020இல் பத்மஸ்ரீ. அப்படிப்பட்ட ஊரிலும் பெண்ணுக்குப் பையன் பெயர் தேவைப்பட்டிருக்கிறது என்பது தனிக் கதை.

தமிழ்நாட்டிலோ பெண்கள் கால்பந்துக்கு அப்படி ஒரு பின்புலம் இல்லை. இந்தியாவில் பெண்களுக்கான கால்பந்துக் கூட்டமைப்பு 1975இல் உருவானது. 1980இல் பக்கத்துக் கோழிக்கோட்டில் ஆசியப் போட்டியே நடந்து, இந்தியப் பெண்கள் இரண்டாமிடம் பிடித்தார்கள். அந்தச் சூடு நம் ஊர்ப் பள்ளி மைதானங்களை எட்டவில்லை. எட்டாமல் போவது தானாக நடப்பதும் இல்லை. இங்கிலாந்தில் டிக் கெர் என்ற தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் ஓர் அணி அமைத்தார்கள். 1920 டிசம்பரில் லிவர்பூலில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். மறு ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லித் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்தத் தடை இருந்தது. பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்று இன்று சொல்கிறவர்கள், வந்த கூட்டத்தைக் கலைத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, கட்டாக்கில் தமிழ்நாடு ஜெயிக்கும் என்று பந்தயம் கட்ட ஆளிருந்திருக்காது. ஜெயித்தார்கள். அணியில் பலர் கடலூரில் பயிற்சி பெற்றவர்கள். அது ஒருநாள் அதிர்ஷ்டமும் இல்லை. அடுத்த ஆண்டு, 2019 மே மாதம், லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதியில் மதுரையின் சேது கழகம் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டத்தை எடுத்தது. கடலூரின் இந்துமதி கதிரேசன், சுமித்ரா காமராஜ், அதே மாவட்டத்தின் சந்தியா ரங்கநாதன் ஆகியோர் இந்தியாவுக்கு ஆடினார்கள். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும்கூட. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னை அண்ணாநகரில் பணியில் நின்றார். அவருக்கு அப்போது ஓய்வும் பயிற்சியும் எப்படிக் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆண் கிரிக்கெட் வீரர்கள் வீட்டு மொட்டை மாடியில் உடற்பயிற்சி செய்வதை நாம் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

2019இல் இன்னொன்றும் நடந்தது. பெண்கள் கால்பந்தைப் பற்றிய ‘பிகில்’ படம் தீபாவளிக்கு வந்தது. தமிழ்நாட்டில் பெண்கள் கால்பந்து ஆடுகிறார்கள் என்பதே பலருக்கு அந்தப் படத்தில்தான் தெரிந்தது. படத்தில் ஆட்டத்தின் நாயகன் பயிற்சியாளர். ஒரு பெண்ணுக்கு ரோஷம் வர வேண்டும் என்பதற்காக அவர் அவளுடைய உடம்பைச் சொல்லிக் கேலி செய்கிறார், அதை உத்தி என்று படம் சொல்கிறது. நிஜத்தில் கோப்பை வென்ற பெண்களின் பெயர் கேட்டால் படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடலூரின் அஞ்சலை அம்மாளுக்கும் இதேதான் நடந்தது. 1927இல் சென்னையில் நீல் சிலையை அகற்றும் போராட்டத்தில் தன் ஒன்பது வயது மகளோடு சிறை சென்றவர், பிறகு சட்டமன்ற உறுப்பினரானவர். 2024இல் அந்தப் படத்தின் நடிகர் கட்சி மாநாட்டில் கட்அவுட் வைத்த பிறகுதான் பலர் யார் இந்த அம்மா என்று தேடினார்கள். இரண்டுக்கும் ஒரே நடிகரின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது என்பது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

மீண்டும் அந்த இலக்கியப் பட்டியலுக்கு வருகிறேன். புதுமைப்பித்தனையும் ஜெயகாந்தனையும் நான் கல்லூரியில் படித்து, பிறகு வகுப்பில் பாடமும் நடத்தியவள். கடலூரோடு இருவருக்கும் இருந்த உறவு சின்ன வயதோடு முடிந்துவிட்டது. புதுமைப்பித்தன் தந்தையின் அரசு வேலை காரணமாக ஊர் ஊராகப் போய்த் திருநெல்வேலியில் வளர்ந்தவர். ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு ஓடி, விழுப்புரம் மாமா வீடு, அப்புறம் சென்னைக் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம் என்று போய் எழுத்தாளரானவர். இந்த வாழ்க்கைக் குறிப்பை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், பன்னெண்டு வயசுல ஒரு பொண்ணு வீட்ட விட்டு ஓடியிருந்தா?” வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

இருவரும் பெண்ணைப் பற்றி எழுதிய கதைகளில் அதிகம் பேசப்படும் இரண்டை எடுத்துக்கொள்வோம். ‘சாபவிமோசனம்’ 1943இல் வந்தது. ராமனின் கால் பட்டுக் கல்லாயிருந்த அகலிகை பெண்ணாகிறாள். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது ராமன்தான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். ‘அக்கினிப்பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பேருந்துக்கு நின்ற கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொள்கிறான். நடந்தது தெரிந்த தாய், மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தமிழ்நாடே அந்தத் தாயைப் பற்றிச் சண்டை போட்டது. அந்தக் கதையின் நீட்சியாக எழுந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இரண்டுமே எனக்குப் பிடித்த கதைகள். தங்கள் காலத்தில் அந்த இருவரும் எடுத்த துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டாக்கைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு இவற்றை வாசிக்கும்போது வேறு ஒன்று உறுத்துகிறது. அகலிகைக்கு உயிர் கொடுப்பது இன்னொருவர் கால். கல்லூரிப் பெண்ணைச் சுத்தமாக்குவது இன்னொருவர் கை. உடம்பு தீர்ப்புக்குக் காத்திருக்கிறது. அகலிகை தானாகச் செய்யும் ஒரே காரியம் கல்லாவதுதான். அசைய மறுப்பதே எதிர்ப்பாக இருந்த காலம் அது.

இதே ஊரின் பெண்கள் தங்கள் சொந்தக் காலால் ஒரு கதையைச் செய்திருக்கிறார்கள். நாமோ அதையும் பழைய அச்சிலேயே வார்க்கிறோம். கல்லாகக் கிடந்தார்கள், ஒரு பெரியவரின் கால் பட்டது, எழுந்தார்கள். அப்பர் கதையிலும் அக்கா ஒருத்தி உண்டு. பெற்றோரை இழந்த தம்பியை வளர்க்க, சாகத் துணிந்தவள் உயிரோடு இருந்தாள். திருவதிகைத் திலகவதியார். அன்றைய தொடக்கவுரையில் அப்பரும் அந்தக் கல்லும் வந்தார்கள், அவர் வரவில்லை.

எங்கள் அரக்கோணம் ரயில்வே ஊர். அப்பா ரயில்வேயில் இருந்தார். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் போன பாதை இது என்பதில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு கர்வம் உண்டு. சாயங்காலமானால் மைதானத்தில் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள். அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் டிபன் தூக்கோடு அந்த மைதானத்தின் ஓரமாகத்தான் நான் போக வேண்டும். ஒருநாள் பந்து உருண்டு என் காலடியில் வந்து நின்றது. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஓர் உதை விட்டேன். நன்றாகவே போனது. பையன்கள் விசிலடித்தார்கள். அன்று இரவு வீட்டில் அடி. மறுநாளிலிருந்து டிபன் கொண்டுபோகும் வேலை தம்பிக்குப் போனது. அவன் அங்கேயே ஆடப் பழகி, மாவட்ட அளவில் ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனான். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. ஆனால் ஓர் உதையின் கூலி இரண்டு பேருக்கு எப்படி வேறுபட்டது என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

அதனால்தான் கோப்பை என்பதை நான் வெறும் பெருமையாகப் பார்க்கவில்லை. தேசியப் பட்டம் என்றால் சான்றிதழ். சான்றிதழ் என்றால் காவல்துறையிலோ ரயில்வேயிலோ ஒரு வேலை. வேலை என்றால் கல்யாணத்துக்கு முன் ஒரு சம்பளம், கல்யாணம் வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு சம்பளம். பின்னால் வரும் சிறுமியின் வீட்டில், இந்துமதி அக்காவைப் பார் என்று சொல்ல ஒரு பெயர். அந்தப் பெயர் ஊரின் பட்டியலில் இல்லாவிட்டால் ஒவ்வொரு சிறுமியும் முதல் ஆளாகவே வீட்டில் வாதாட வேண்டியிருக்கிறது.

கூட்டம் முடிந்து திரும்பும்போது பேருந்தில் நடத்துநர் “கரையேறவிட்டகுப்பம்” என்று கூவினார். அப்பர் கரையேறியதால் வந்த பெயர் என்று பக்கத்தில் இருந்த மீன்கூடைக்கார அம்மா எனக்குச் சொன்னார். சுனாமியைப் பற்றிக் கேட்டேன். “ஓடத் தெரிஞ்சவ ஓடிட்டா” என்றார். கூடையை இறக்கிக்கொண்டு அங்கேயே இறங்கிவிட்டார்.

அந்தக் கூட்டத்தை நடத்தியவர்கள் அடுத்த ஆண்டுக்கு என்னைப் பேசக் கேட்டிருக்கிறார்கள். ‘ஜெயகாந்தனின் பெண் பாத்திரங்கள்’ என்று அவர்களே தலைப்பும் போட்டு அனுப்பினார்கள். ‘2018 பிப்ரவரி, கட்டாக், 2-1’ என்று மாற்றி அனுப்பினேன். இலக்கியக் கூட்டத்துக்கு இது பொருந்துமா மேடம் என்று பதில் வந்தது. பொருந்தும் என்று எழுதியிருக்கிறேன். அணியின் முழுப் பெயர்ப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன், அழைப்பிதழில் அச்சடிக்க.